வட்டக்கோட்டை சொன்ன வழி

லினக்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று ஷிபு வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்தபோது, கல்யாணப் படங்களும் சேர்ந்து போயின. அன்றிலிருந்து மனைவி ஜெமி அவனிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஒண்ணும் தெரியாத ஆளு கையில கம்ப்யூட்டரைக் குடுத்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள், மொபைலை நோண்டியபடி.

படங்களை மீட்கும் மென்பொருளை நிறுவப் போனால் அது ஓடுவதற்கு லைப்ரரி என்ற துணை நிரல் ஒன்றைக் கேட்டது. அதைத் தேடிப் போட்டால், அது இன்னொன்று கேட்டது. ஷிபு இணையத்தில் ஒரு லினக்ஸ் குழுவில் எழுதிப் புலம்பினான். 'வட்டக்கோட்டை' என்ற பெயரில் உடனே பதில் வந்தது.

'அந்த டிஸ்க்கில் இனி எதையும் ஏற்றாதீர்கள். மிச்சமிருக்கும் படங்களும் அழிந்துவிடும். பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து வேலை செய்யுங்கள். முதலில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு நிறுவுங்கள். வேண்டிய லைப்ரரிகளை அதுவே இழுத்துக்கொண்டு வரும்.'

அப்படியே செய்தான். படங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"மனுசன்னா இவருல்லா மனுசன்" என்று அவனும் சுவரிடம் சொன்னான். "சிலரைப் போல குத்திக்காட்டாம சொல்லித் தாராரு."

ஜெமி மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

'அண்ணாச்சி, என் குடும்பத்தைக் காப்பாத்திட்டிய' என்று எழுதினான்.

'சோறு ஆறுது. சாப்பிட வாங்க' என்று பதில் வந்தது.

ஷிபு மெல்லத் திரும்பினான். "நீ இதெல்லாம் எங்க படிச்ச?"

"கல்யாணத்துக்கு முன்னாடி காலேஜுல பயலுவளுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். பெண்ணு பாக்க வந்தப்பம், மீன்கறி வைக்கத் தெரியுமான்னு மட்டுந்தானே கேட்டிய?"