ஒன்பது கிளாஸ்

டெசாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கல்யாண விருந்து பாதிகூட முடியவில்லை, அதற்குள் கணவன் ரடீஷாவுக்குக் கண் சொருகுகிறது!

இத்தனைக்கும் இரண்டு கிளாஸோடு அவனுக்கு நிறுத்திவிட்டாள். எங்கிருந்துதான் கிடைக்கிறதோ, படுபாவிக்கு!

கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற 'கூம்' அவன்; அவன் மனைவி என்பதால் இவள் 'கூமா'. மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி. அங்கே உட்கார்ந்துகொண்டு இப்படியா ஆடுவான்? மானம் போகிறது.

எரிச்சலை மறைத்துக்கொண்டு, பிளம் சாராயப் பாட்டிலோடு மாப்பிள்ளை ஓக்னெனிடம் போனாள்.

"போதும் கூமா..."

"கூமா கையால ஊத்தினா வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஆம்பளைதானே நீ? பிடி!"

ஊற்றிவிட்டுத் திரும்பினாள். நாற்காலியில் தொங்கிய ரடீஷாவின் கோட்டுக்குள் ஃபோன் அதிர்ந்தது. மூன்றாவது தடவை. எடுத்துப் பார்த்தாள். அவனுடைய ஃபோனே இல்லை. ரகசியமாக இன்னொன்றா?

'இன்று எத்தனை கிளாஸ்? போதையில் ஆணுறையை மறந்துவிடாதீர்கள்.'

ரடீஷாவைத் தரதரவென்று பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"யாருய்யா அவ?"

ரடீஷா ஃபோனைப் பார்த்தான். மாப்பிள்ளை இருந்த பக்கம் பார்த்தான்.

"யாரும் இல்ல... ஃபோன் என்னோடதுதான். வீட்டுல பேசிக்கலாம்."

"வீடா? விருந்து முடியட்டும். நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்!"

மணப்பெண் நெவெனா வெள்ளைப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"கூம், ஓக்னெனோட ஃபோன் உங்ககிட்டதானே இருக்கு? கிளினிக் கேள்வி வந்திருக்கும். பதில் போடலேன்னா நர்ஸ் கூப்பிட்டுடுவாங்க."

டெசா விழித்தாள். "கிளினிக்கா?"

"உங்களுக்குத் தெரியாதா கூமா? குடிச்சா என்ன செய்யறோம்னே அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு நாள்தான் எங்கேயோ போய் வியாதி வாங்கிட்டு வந்தார். குணமாயிடுச்சு. அதுலேர்ந்து தினமும் ஃபோன்ல கேள்வி, தினமும் பதில். இன்னிக்கு தொண்ணூத்தி நாலாவது நாள். ஒரு சொட்டு தொட்டாலும் நான் இருக்க மாட்டேன்னு சொல்லித்தான் மோதிரம் மாத்தினேன்."

பேசிக்கொண்டே ரடீஷாவிடமிருந்து ஃபோனை வாங்கி, 'பூஜ்யம்' என்று தட்டி அனுப்பினாள். சிரித்தபடி ஓடிப் போனாள்.

டெசாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பூஜ்யமா? ஐயோ! நானே ஒன்பது கிளாஸ் ஊத்திக் கொடுத்தேனே!"

ரடீஷா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு விக்கினான்.

"ஊத்தினது நீ. குடிச்சது நான்."