யார் பக்கமும் இல்லை

“மேயர் அனுப்பினாளா உன்னை?”

டோனட் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டே கேட்டார் வெர்ன் க்ராட்ஸர். எதிரே நின்ற கல்லூரிப் பெண்ணின் சட்டையில் ‘டெஸ்’ என்று மட்டும் எழுதிய அட்டை குத்தியிருந்தது.

“யாரும் அனுப்பலை சார். எங்களுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. மாணவர்களை வோட்டுப் போட வைக்கிற சங்கம், அவ்வளவுதான்.”

“அதான் வினையே! நாலு வருஷத்துக்கு முன்னால நீங்க பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போன பசங்கதான், வெளியூர்லேர்ந்து வந்த அந்த ஹாலோரனை மேயராக்கினாங்க. வந்ததும் என் கடை வாசல்ல சைக்கிள் பாதை போட்டா. கார் நிறுத்த இடமில்லை. பாதி வியாபாரம் போச்சு.”

வெர்ன் அதை மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

“இந்தத் தேர்தலுக்கும் பஸ் வேணும் சார். வாக்குச்சாவடி ஆறு மைல். மாணவர் மன்றம் பாதி தரும். மீதி நானூறு டாலரை ஊர்க் கடைக்காரர் ஒருத்தர் தரணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா பஸ் இல்லை.”

“ரொம்ப சந்தோஷம். கதவு அந்தப் பக்கம்.”

அவள் நகரவில்லை. வெர்னின் மூளை வேறு கணக்குப் போட்டது. சைக்கிள் வைத்திருப்பவன் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவான். பஸ்ஸுக்கு நிற்கப்போவது சைக்கிள் இல்லாதவன். அவனுக்கு ஹாலோரன் மேல் என்ன பாசம்?

செக் புத்தகத்தை எடுத்தார். எழுதினார். கிழித்தார்.

“ஒரே ஒரு நிபந்தனை. பஸ்ல பெருசா ஒரு பேனர் கட்டணும். ‘ஹாலோரனை வீட்டுக்கு அனுப்புவோம்’னு.”

டெஸ் செக்கை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“அப்ப வேணாம் சார்.”

“நானூறு டாலர், பொண்ணே!”

“தெரியுது. ஆனா ஒரு பேரைக் கட்டிட்டா அது பிரசார வண்டி. அதுக்கு பஸ் இல்லாமலே இருக்கலாம்.”

கிளம்பியே விட்டாள். வந்த காசை வேண்டாம் என்றவர்களை வெர்ன் அந்தக் கடையில் பார்த்ததில்லை.

“நில்லு. பேனர் வேணாம். எடுத்துக்கோ.”

செக்கைப் பைக்குள் வைத்தவள் கேட்டாள்: “உங்க பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கா சார்?”

“முப்பது வருஷமா இருக்கு!”

“இப்ப குடியிருக்கிற விலாசத்துலயா?”

போன வருஷம் வீட்டை விற்றுவிட்டுக் கடை மாடிக்கு வந்த வெர்ன், அதைத் தேர்தல் அலுவலகத்தில் போய்ச் சொல்லவில்லை.

அவள் நீட்டிய வாக்காளர் பதிவுப் பாரத்தை வாங்கி, நின்றபடியே நிரப்பிக் கொடுத்தார். டெஸ் வரிவரியாகப் படித்தாள்.

“விலாசத்துல தபால் பெட்டி நம்பர் போட்டிருக்கீங்க.”

“என் கடுதாசியெல்லாம் அங்கதானே வருது?”

“கடுதாசி வரலாம். நீங்க அதுக்குள்ள படுத்துத் தூங்கலையே! இப்படியே போனா தள்ளிடுவாங்க. நாளையோட பதிவு முடியுது. அப்புறம் திருத்த நேரமிருக்காது.”

வேறு பாரம் கொடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

“இவ்வளவு அக்கறையாத் திருத்துறியே, இந்த வோட்டு யாருக்கு எதிரா விழும்னு தெரியுமில்ல?”

“கடைக்குள்ள வந்ததுமே சொல்லிட்டீங்களே சார். நாளைக்குக் காலையில நானே நேர்ல போய்க் குடுத்துடறேன்.”

பாரத்தை வாங்கிக்கொள்பவர் தன் முழுப்பேர் எழுதி ரசீது தருவது சங்கத்தின் விதி. எழுதிக் கொடுத்தாள். வெர்ன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“டெஸ்... ஹாலோரனா? மேயர் உனக்கு என்ன வேணும்?”

“அம்மா” என்றாள், அவருடைய பாரத்தைக் கசங்காமல் உறைக்குள் வைத்து ஒட்டிக்கொண்டே.