அதே பதினோரு பேர்

“ஒரு ஆளைக்கூட மாத்த முடியாதும்மா. அதே பதினோரு பேர்தான்.”

ஹாக்கி கிளப்பின் தலைவர் கால்மேல் கால் போட்டபடி சொன்னார். கீழே மைதானத்தில் அவருடைய பெண்கள் அணி, வெளியிலிருந்து வந்த அணியோடு பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இந்த வருஷத்து அணியை அறிவிக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண் விடுவதாக இல்லை. முப்பதைத் தாண்டிய வயது. கேலரிப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத்தான் ஏறி வந்தாள். வாய்க்கு மட்டும் அந்த நிதானம் கிடையாது.

“அதே பதினோரு பேர், அதே நாலாவது இடம். அலுக்கலையா சார்?”

“நாலாவது இடத்துக்கு என்ன குறைச்சல்? நமக்குக் கீழே எத்தனை டீம் இருக்கு தெரியுமா?”

தலைவர் அப்படிப்பட்டவர். கையில் குடை இருந்தாலும் மழை விட்ட பிறகுதான் வெளியே வருவார்.

“பாதிப் பேருக்கு ஓட மூச்சு இல்ல. பெஞ்சுல இருக்கிற பசங்களுக்கு ஆட இடம் இல்ல. இந்த வருஷமும் எடுக்கலன்னா ரிசர்வ் கோல்கீப்பர் ஹாக்கியையே விட்டுடுவா. நேத்து என்கிட்ட அப்படி அழுதா.”

தலைவர் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தார். “ஓ, நீ அந்தச் சின்னப் பொண்ணோட அக்காவா? அதானே பார்த்தேன், இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்திருக்கே!”

“அக்கான்னுதான் கூப்பிடுவா. ஆனா அவ ஒருத்திக்காக வரல. மொத்த டீமுக்கும் சேர்த்துத்தான் சண்டை போடுறேன். நீங்க விரட்டினாலும் போடுவேன். முதல்ல மாத்த வேண்டியது உங்க கோல்கீப்பரை.”

தலைவருக்குச் சுருக்கென்றது. “யாரை? பூட்டையா? அவ நின்னா கோலுக்கே பூட்டுப் போட்ட மாதிரின்னு ஊரே அந்தப் பேரை வச்சிருக்கு!”

“அந்தப் பூட்டு துருப்பிடிச்சாச்சு சார். முழங்கால் போயிடுச்சு. விலகிக்கிறேன்னு சொல்லியும் அனுப்பிட்டா.”

“நான்தான் கூடாதுன்னுட்டேன். பத்து வருஷமா ஆடுறா, இந்த நாற்காலியிலிருந்து ஒரு ஆட்டம் விடாமப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா அவளை? நான் பெத்த பொண்ணு மாதிரி. நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்லித் தர்றியா?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது கீழே விசில் ஊதியது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர். பந்து சீறிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டும் கவசமுமாக நின்ற கோல்கீப்பர் ஒரே பாய்ச்சலில் விழுந்து காலால் தட்டிவிட்டாள். திரும்பி வந்த பந்தையும் எழுந்து உதைத்து விரட்டினாள்.

தலைவர் துள்ளி எழுந்தார். “பாத்தியா? இதுவா முழங்கால் போன ஆட்டம்?”

“பிரமாதம் சார். மனசாரச் சொல்றேன்.” அவள் கண்கள் கலங்கியிருந்தன. “இவளை மாத்தவே மாட்டீங்களே?”

“தலையே போனாலும் மாத்த மாட்டேன்.”

“அப்ப தைரியமா அறிவிங்க, பார்ப்போம்.”

ஒரு முடிவெடுக்க ஒரு மாதம் யோசிக்கிறவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் மைக்கோடு மேலே வந்த செயலாளரைப் பிடித்துக்கொண்டார். “யோவ், இப்ப கோல்ல நிக்கிற பொண்ணுதான் இந்த வருஷம் நம்ம கோல்கீப்பர். இப்பவே அறிவி.”

செயலாளர் விழித்தார். “இப்ப நிக்கிற பொண்ணா சார்? நிச்சயமாவா?”

“தமிழ்லதானே சொல்றேன்? அறிவிய்யா!”

அறிவிப்பு ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது. கடைசி விசிலும் ஊதியது. கோல்கீப்பர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, கேலரியைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக் குதித்தாள். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத முகம்.

“யாருய்யா இது?” தலைவர் கேலரிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். “என் பூட்டு எங்கே?”

செயலாளர் அவரையும் பக்கத்து நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சார் கேக்குறீங்க? இவ்வளவு நேரமும் அவங்களோடதானே பேசிக்கிட்டிருந்தீங்க!”