இருவாச்சியின் புருஷன்

வனத்துறைப் பதிவேட்டில் ஞானமுத்து "உணவளிப்பு உதவியாளர்". அவர் மனைவிக்கு மட்டும் "பறவைக்குப் புருஷன்". பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து ஒரு கீறல் மட்டும் விட்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண்தான் கீறல் வழியே பழம் ஊட்ட வேண்டும். குவாரியும் சாலைகளும் காட்டைத் துண்டு போட்டதில் ஆண் பறவைகள் வருவது நின்றுபோனது. கூமுட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்த ஒருத்திக்கு ஐந்து வருடமாக அவர்தான் ஏணியில் ஏறி ஊட்டுகிறார்.

அன்று காலை நிஜமான ஆண் இருவாச்சி ஒன்று அத்திப்பழத்தோடு தூரத்து மரத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, மாப்பிள்ளை வந்துட்டாரு. எறங்குங்க," என்று கீழிருந்து கிசுகிசுத்தாள் காவலர் ரெஜினா.

"அஞ்சு வருஷக் குடித்தனம். ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்க வேணாமா?"

சொல்லாமலே இறங்கிப் புதரில் ஒளிந்தார். பெண் தின்றுவிட்டால் ஜோடி சேரும். அடுத்த வருடம் குஞ்சு.

ஆண் மதியம்வரை பழத்தை நீட்டிப் பார்த்தது. உள்ளிருந்து அலகு வரவில்லை.

"பசிக்கும்லண்ணே, ஏன் வாங்க மாட்டேங்குது?" என்று ரெஜினா அவர் காதோடு கேட்டாள்.

ஞானமுத்துவுக்குக் காரணம் புரிந்தது. தனியாகக் கிடக்கிறதே என்று, பேச்சுக் கொடுத்துத்தான் அவர் தினமும் ஊட்டுவார். இன்று அந்தக் குரல் கேட்கவில்லை.

"சாப்பிட வாம்மா," என்று புதருக்குள்ளிருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

மனிதக் குரலுக்கு மிரண்ட ஆண், குவாரியைத் தாண்டிப் பறந்து மறைந்தது. அப்புறம்தான் கீறல் வழியே அலகு வெளியே வந்து, திறந்தபடி நின்றது.