பேசாத மாமனாருக்கு ஒரு ஸ்கூப்

"டென்சில், இந்த ஸ்கூப்பாவது பிடிச்சிருக்கா?"

டென்சில் தலையை இடமும் வலமும் ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை.

இது ஆறாவது. ப்ரோடி அதைச் சுவரில் திரும்ப மாட்டினான். கடல் தண்ணீருக்குள் டிடெக்டர் வைத்து உலோகம் தேடுகிறவர்கள் இதில்தான் மணல் அள்ளுவார்கள். ஆளுயரக் காம்பு வைத்த ஜல்லிக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் ஓட்டை வழியாக ஓடிவிடும், மோதிரம் நின்றுவிடும்.

கடலோர ஊரான பன்பரியில் இதற்கென்று இருப்பது ஒரே கடை. அதில் வேலை பார்ப்பவன் ப்ரோடி. வருகிற சனிக்கிழமை டென்சிலின் மகள் ஷெல்பியைக் கட்டப்போகிறவனும் அவன்தான்.

மாமனார் ஆகப்போகிறவர் அவனிடம் பேசி ஐந்து நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூவுக்கு வந்தார். தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். ப்ரோடி பார்த்துப் பார்த்துச் சுட்டுக் கொடுத்த ஆட்டுக்கறியைத் தொடக்கூட இல்லை. "கல்யாண விருந்துல பொண்ணோட அப்பாவா எழுந்து என்ன பேசப்போறீங்கப்பா?" என்று ஷெல்பி கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். நேற்று போனில் அவள் ஓவென்று அழுதாள்.

"என்னடா ப்ரோடி, பொண்ணு குடுக்கறவருக்கு ஒரு கரண்டி எடுத்துக் குடுக்கத் துப்பில்லையா?" கடை முதலாளி லோரெய்ன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் விட்டாள்.

"எதைத் தேடறார்னு சொன்னாத்தானே ஓட்டை என்ன சைஸ்னு பார்க்க முடியும்?" அவன் டென்சிலிடம் திரும்பினான். "மோதிரமா?"

இல்லை.

"செயினா?"

இல்லை.

"காசு?"

அதுவும் இல்லை. டென்சில் கொஞ்சம் யோசித்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வடிவம் காட்டினார்.

"குதிரை லாடம்!" என்று கத்தினாள் லோரெய்ன். "ஏன் டென்சில், கடலுக்குள்ள குதிரை விட்டியா நீ?"

டென்சில் முறைத்த முறைப்பில் ப்ரோடிக்குத்தான் வியர்த்தது. கடையிலேயே உயர்ந்த சரக்கை எடுத்துவந்தான்.

"இது டைட்டானியம். கனமே தெரியாது. பின்னாடி இந்தத் தகட்டுல காலை வச்சு ஒரு மிதி மிதிச்சா போதும். முனையைப் பாருங்க, எது குறுக்க வந்தாலும் விடாது."

சோதித்துப் பார்க்க மூலையில் ஈர மணல் தொட்டி இருந்தது. குத்தி, மிதித்து, அள்ளினான். நறுக்கென்று ஒரு சத்தம். தடிமனான சிப்பி ஒன்று இரண்டாகப் பிளந்து மேலே வந்தது.

டென்சில் இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

பின்பக்கம் சரக்கு லாரி ஹாரன் அடித்தது. லோரெய்ன் எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் ப்ரோடி ஸ்கூப்பைக் கீழே போட்டான்.

"டென்சில், உங்களுக்குப் பிடிக்காதது இது இல்லை. நான்தான். கரண்டி விக்கிறவனுக்கா பொண்ணைக் குடுக்கறதுன்னு இருக்கும். இருக்கட்டும். ஆனா சனிக்கிழமை நூத்திப்பத்து பேர் முன்னாடி நீங்க இப்படி உம்முனு நின்னீங்கன்னா ஷெல்பி தாங்கமாட்டா. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. கல்யாணத்தைத் தள்ளி வச்சிடலாம்."

டென்சில் பதறிப்போனார். வாசலைப் பார்த்தார். ஓடிப்போய்ப் பின்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, ப்ரோடியின் மூக்குக்கு நேராக வாயைப் பிளந்தார்.

மேல்வரிசை காலி. இரண்டு கடைவாய்ப் பற்கள் மட்டும், கால்பந்து மைதானத்துக் கோல் கம்பங்கள் மாதிரி அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன.

"பல்செட்டா!"

டென்சில் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

ப்ரோடி சிரிப்பை விழுங்கப் பார்த்தான். அது இருமலாக வந்தது. "உள்ள உலோகத் தகடு இருக்கா?"

ஐந்து நாளில் முதல் தடவையாக அந்தத் தலை மேலும் கீழும் ஆடியது.

"அப்ப டிடெக்டர் கட்டாயம் கத்தும்." டைட்டானியத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, முனை மழுங்கிய, சின்ன ஓட்டை போட்ட பழைய ஸ்கூப் ஒன்றை அலமாரிக்கு அடியிலிருந்து உருவினான். "கூர் முனைன்னா பல்லு நொறுங்கிடும். இதுதான் உங்களுக்கு. யாரும் வாங்காம கிடக்கு. நாளைக்குக் காலையில, காத்து கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேருமா இறங்கிடலாம். ஷெல்பிகிட்ட மூச்சு விடமாட்டேன்."

டென்சில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை.

"எந்த இடம்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறதாம்.

"சரி, கடலுக்குள்ள போய் யாராவது வாயைத் திறப்பாங்களா? அப்படி என்னதான் பண்ணீங்க?"

டென்சிலின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தயங்கித் தயங்கி பில் புத்தகத்தை இழுத்தார். நாலு வரி எழுதி அவன் பக்கம் தள்ளினார்.

"கல்யாணத்துல பேசப்போறதை ஒத்திகை பார்த்தேன். வீட்டுல கத்தினா ஊருக்கே கேட்கும்னு இடுப்பளவுத் தண்ணியில நின்னு பேசினேன். ‘என் பொண்ணுக்கு ப்ரோடியைவிட நல்ல பையன் உலகத்துலயே கிடைக்கமாட்டான்’னு வாயை முழுசாத் திறந்தேன். அலை உள்ள வந்துட்டு, போறப்ப பல்லையும் கூட்டிட்டுப் போயிடுச்சு."