காய்ந்த பக்கம்

"ஊத்தாதீரு ராவுத்தரே! மனுசன் படுக்கிற இடம்யா அது!"

பேயாண்டி கத்தி முடிப்பதற்குள் வாளித் தண்ணீர் கடை வாசல் கல்தளத்தில் விழுந்து, அவன் காலை நனைத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது.

டிரங்குப் பெட்டிக் கடை சேக் இஸ்மாயில் நிமிர்ந்து பார்த்தார். கடைக்குப் பாதிப் பலகை போட்டாகிவிட்டது. பொழுது இன்னும் இறங்கவில்லை.

"யாரு மாப்ள நீ? ஊருக்குப் புதுசா?"

"ரங்கூன்." பேயாண்டி அதைப் படித்து வாங்கிய பட்டம் மாதிரிச் சொன்னான். "ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கப்பலேறி வந்துட்டோம்."

"சொந்த ஊரு?"

"பரவை. அண்ணன் இருக்காரு."

"அப்புறமென்ன?"

"மதினியும் இருக்காக."

இஸ்மாயில் மேற்கொண்டு கேட்கவில்லை. வாளியோடு தெருக்குழாய்க்குப் போனார்.

பேயாண்டி படுக்க இடம் தேடி அலைந்துவிட்டு வந்தவன். ரயிலடியில் போலீஸ்காரன் லத்தியால் தட்டி எழுப்பிவிட்டான். சத்திரத்தில் முதலில் சாதியைக் கேட்டார்கள், அப்புறம் இடமில்லை என்றார்கள். தெற்குவாசலில் ஒரு கடைத் தளம் இருக்கிறது, ஆணும் பெண்ணுமாகப் பலபேர் சேர்ந்து படுப்பார்கள், கைப்பிள்ளைக்காரியும் பயமில்லாமல் கண்ணயரலாம் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பித்தான் பிள்ளையோடு பெண்டாட்டி செல்லத்தாயைக் கூட்டி வந்தான். வந்து பார்த்தால் தளம் நனைந்துகொண்டிருக்கிறது.

"இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியும்யா," என்றான், இஸ்மாயில் திரும்பி வந்ததும். "ரங்கூன்ல கடைக்காரன் இதேதான் செய்வான். பொழுது சாஞ்சா வாளியைத் தூக்குவான். அந்த ஊரு ஈரத்துக்கு விடிஞ்சாலும் தரை காயாது. எவன் படுப்பான்?"

"அப்படியா?" இஸ்மாயில் ஊற்றினார்.

"பினாங்குல அஞ்சடின்னு ஒண்ணு. கடைக்குக் கடை கூரை போட்ட நடைபாதை. யாரு வேணாலும் படுக்கலாம். இடுப்புக் காசு இடுப்புலயே இருக்கும்."

"நீ படுத்திருக்கியா?"

"படுத்தவன் சொன்னான்."

"லண்டன்ல எப்படி மாப்ள?" இஸ்மாயிலுக்கு ருசி தட்டிவிட்டது.

"லண்டன்ல வீடு இல்லாதவனை வரிசையா உக்கார வச்சு, முன்னால ஒரு கயித்தைக் கட்டிருவான். கயித்து மேல கையைப் போட்டுத் தொங்கிக்கிட்டே தூங்கணும். காயப்போட்ட வேட்டி மாதிரி. விடிஞ்சதும் கயித்தை அவுத்துருவான். பொத்துனு விழுந்து, எந்திரிச்சு வேலைக்குப் போவான்."

"சுபஹானல்லா! வெள்ளைக்காரனுக்கேவா?"

"ஆமாங்கிறேன். அவன்கூடத் தண்ணி ஊத்தலைய்யா!"

"இவுக ரங்கூனைத் தாண்டினதில்ல," என்று செல்லத்தாய் இடுப்பிலிருந்த பிள்ளையிடம் சொன்னாள்.

இஸ்மாயில் சிரித்துக்கொண்டே அடுத்த வாளியை இன்னும் நனையாத மேற்குப் பக்கம் தூக்கினார். "மாப்ள, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"கேட்டாச்சு! எம்புட்டுக் கடைக்காரன் சொல்லிக் கேட்டாச்சு!"

பேயாண்டி வாளியைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் முழுதும் சாக்கடைக்குப் போனது. வாளி உருண்டு ஓரத்தில் கிடந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இஸ்மாயில் மேற்குப் பக்கத்தைப் பார்த்தார், பேயாண்டியைப் பார்த்தார்.

"சரி, உன் பிரியம்." மிச்சப் பலகையைப் போட்டுப் பூட்டிவிட்டு, தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

"பாத்தியாடி?" என்றான் பேயாண்டி. "நாலு ஊரு தெரிஞ்சவன்கிட்ட எவனும் வாலாட்ட முடியாது. காஞ்ச பக்கம் நமக்கு."

சாக்கை விரித்தான். செல்லத்தாய் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். பிள்ளையைக் கிடத்திப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டது.

"புது ஊரு. அழுகத்தான் செய்யும்," என்று பேயாண்டி உட்கார்ந்தான். சித்திரை வெயில் பகலெல்லாம் காய்ச்சிய கருங்கல் சாக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தான். மறுபக்கம் சாய்ந்தான். ஜெயித்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.

நனைந்த பக்கத்தைப் பார்த்தான். அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தப் பக்கம் துண்டை விரித்தார்கள். சும்மாட்டைக் கையில் பிடித்தபடி கடைசியாக வந்த சோணையம்மாள், இடம் தேடிக் கல்லைத் தொட்டுக்கொண்டே வந்து, பேயாண்டி பக்கத்தில் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஆத்தாடி! இந்தப் பக்கம் ஏன் தோசைக்கல்லாக் கெடக்கு? ராவுத்தருக்கு மேலுக்கு முடியலையா? கோடை பொறந்தா ஒரு நா தவற மாட்டாரே. நாம படுக்கணும்னு தளம் பூராத்தையும் நனைச்சு, சூட்டை ஆத்திட்டுல்ல பள்ளிவாசலுக்குப் போவாரு."

செல்லத்தாய் புருஷனைப் பார்த்தாள்.

பேயாண்டி வாயைத் திறந்தான். நாலு ஊரில் ஒன்றும் வாயில் வரவில்லை.

சோணையம்மாள் ஆறிய பக்கத்தில் நெருக்கி ஒடுங்கிப் படுத்தாள். பக்கத்தில் கிடைத்த முழ இடத்தில் செல்லத்தாய் பிள்ளையைக் கிடத்தினாள். அழுகை நின்றது.

பேயாண்டி எழுந்தான். சாக்கைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.