இன்னொரு தோள்

முப்பது வயசுக்குக் கொரோனா பூஸ்டர் ஊசி கிடையாது என்று முன்பு வீரணனைத் திருப்பியனுப்பிய நர்ஸ், இன்றைக்கு, "உங்க வயசுக்கும் வந்திருச்சுண்ணே. பத்துப் பேர் சேர்ந்தாத்தான் மருந்துக் குப்பியத் திறப்பேன்," என்றாள். வீட்டில் சிறுநீரகம் மாற்றிய மனைவி. மார்க்கெட்டுக்கு ஓடினான், கூட மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட.

"கை வீங்குனா மூட்டைய உங்க மாமனா தூக்குவான்?" என்றான் காசிலிங்கம்.

"மூட்டை ஏறாத தோள்ல போட்டுக்கடா மாப்ள. என்னால அவளுக்கு ஒட்டிருச்சுன்னா தாங்க மாட்டா."

காசிலிங்கம் தலைத்துண்டை உதறினான். "எந்திரிங்கடா. தங்கச்சிக்காகத்தான்."

ஆஸ்பத்திரியில் அவனே முதல் ஆளாக உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவனுடைய ஒரு தோள் காய்த்துக் கறுத்திருந்தது. நர்ஸ் பஞ்சால் துடைத்த இன்னொரு தோள், பச்சைப்பிள்ளையுடையதுபோல் மெத்தென்றிருந்தது. பின்னால் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றினார்கள்.